வானம் மாற்றுகிறவள்

வேதமாணிக்கம் அண்ணன் ஸ்டுடியோவில்
எனக்கு வானம் மாற்றுகிற வேலை.
குறுக்குத்துறைப் படித்துறையில் நிற்கும் ஜோடியின் பின்னால்
வெளிறிக் கிடப்பதை வெட்டி எறிந்துவிட்டு
நீலம் ஒட்ட வேண்டும்.
நீலத்தில் பஞ்சு நாலைந்து.
சம்பந்தி வீட்டார் கேட்பது அதுதான்.
மாப்பிள்ளை தலைமுடியின் ஓரத்தில்
பழைய வானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.
அதை இழை இழையாக எடுக்க
ஒரு சாயங்காலம் ஆகும்.

அப்படி ஒரு சாயங்காலம்,
சித்திரை முடிய நாலு நாள் இருக்கையில்,
போனில் ரேடார் படம்
களக்காட்டு மலைமேல் சிவந்தது.
பல்வலி என்று சொல்லிவிட்டு
ஸ்கூட்டரை எடுத்தேன்.

பொன்னாக்குடியில் அது ஒரு முட்டைக்கோஸ்.
மூன்றடைப்பு வருவதற்குள்
தலை கொல்லன் பட்டடையாகத் தட்டையாகி
பாதி வானத்துக்கு நீண்டுவிட்டது.
நாங்குநேரியில் கிழக்கே திரும்பினால்
பக்கக் கண்ணாடி முழுக்க அதுதான்,
என்னைத் துரத்திக்கொண்டு.
துரத்துகிறவள் நான் என்று
யாரிடம் போய்ச் சொல்ல?

விஜயநாராயணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குளம்.
குளம் என்று சொல்லக் கரை மட்டும் இருந்தது.
உள்ளே பாளம் பாளமாக மண்,
உடைமரம், நூற்று நாற்பது ஆடு,
கழுத்தில் ஹெட்செட்டோடு ஒரு பையன்.
ஆடுகள் எல்லாம் ஒன்றுபோல
மேற்குக்கு முதுகைக் காட்டி நின்றன.

முக்காலியை ஊன்றினேன்.
மேகத்தின் முன்விளிம்பு
கடைக்கு ஷட்டர் இறக்குகிற மாதிரி
காற்றாலைகளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.
அடியில் ஒரு பச்சை,
புளி போட்டுத் துலக்காத செப்புக்குடத்தின் பச்சை.
உள்ளே அறை அறையாக விளக்குப் போட்டு
யாரோ எதையோ தேடினார்கள்.
சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.
அப்படியே இரும்மா, நாடியக் கொஞ்சம் தூக்கு
என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்,
கல்யாணப் பெண்ணிடம் சொல்வதுபோல.
அது தூக்கவில்லை.

"அக்கா, இது பெய்யுமா?"
பேச்சிப்பாண்டி என்று பெயர் சொன்னான்.
ரேடாரைக் காட்டினேன்.
"பெய்யாது. உவரிப் பக்கம் போய்க் கடல்ல கொட்டிரும்."
வருத்தப்படுவான் என்று குரலைத் தணித்திருந்தேன்.
"நல்லதாப் போச்சு" என்றான்.
குடாப்பைத் தூக்கிக் காட்டினான்.
நேற்று ஈன்ற குட்டிகள் இரண்டு,
கால் இன்னும் பூமிக்குப் பழகவில்லை.
"இதுக நனைஞ்சா தாங்காதுக்கா.
மழையெல்லாம் அடுத்த வாரம் வரட்டும்."

மழைத்தூண் தெற்கே சாய்ந்து விலகியது.
பின்னால் மேகத்தின் அடிவயிறு வந்தது,
உருண்டை உருண்டையாகத் தொங்கிக்கொண்டு.
விழப்போகிற வெயில் கீழிருந்து தொட்டு
ஒவ்வொன்றையும் சிவப்பாக்கியது.
"ஆட்டு மடி மாரி இருக்கு.
மடி எறங்கிருக்கு, சுரப்பு இல்ல" என்றான்.

நாற்பத்தொரு படம் எடுத்தேன்.
ஒன்றை அவனுக்கு அனுப்பினேன்.
அவன் வீட்டுக்கு அனுப்பினான்.
உடனே ஒரு பெண்குரல் பதிலாக வந்தது:
"மேகத்தப் பாத்துக்கிட்டு நில்லு.
கேஸ் தீந்து மூணு நாளாச்சு."

திரும்பும் வழியெல்லாம் புழுதிக்காற்று.
பல்லில் நிஜமாகவே மண்.

மறுநாள் காலை
மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருந்தேன்,
பழைய வானத்தைச் சுரண்டிக்கொண்டு.
போன் அதிர்ந்தது.
"அக்கா, ரேடார் பொய் சொல்லிட்டு.
ராத்திரி ரெண்டு மணிக்குப் பேய்மழை.
குட்டி ரெண்டும் என் சட்டைக்குள்ளதான் கெடந்துச்சு.
மின்னுன மின்னுக்குக் கொளம் பூரா வெள்ளையாத் தெரிஞ்சுது.
போன் நனைஞ்சிரும்னு படம் எடுக்கல."

இரண்டு மணிக்கு நான் விழித்துத்தான் இருந்தேன்,
நாற்பத்தொன்றில் எது நல்லது என்று பார்த்துக்கொண்டு.
கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.

"பல்லு எப்படிம்மா இருக்கு?" என்றார் வேதமாணிக்கம் அண்ணன்.
"பரவால்லண்ணே" என்றேன்,
நீலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி.